வண்டி யாருடையது?

நாடுகாணிச் சந்திப்பில் நிற்பவருக்கு மூன்று வழிகள் தெரியும். ஒன்று கூடலூருக்குச் செல்வது. மற்றொன்று தேவாலா, பந்தலூர், சேரம்பாடி எனத் தேயிலைத் தோட்டங்களின் ஊடாக வயநாட்டை நோக்கிச் செல்வது. மூன்றாவது, சுரத்தின் வளைவுகளில் இறங்கிக் கேரளத்து வழிக்கடவையும் நிலம்பூரையும் அடைவது. மலைவிளிம்பில் நின்றால் கீழ்நாடு காணும். ஆகவே நாடுகாணி என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வாருண்டு. ஆனால் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் இங்கே நாடும் காண்பதில்லை, பத்தடிக்கு அப்பால் நிற்கும் ஆளும் காண்பதில்லை. அம்மாதங்களில் இம்மலையில் மனிதர் கண்ணால் அன்று, காதால்தான் வழி நடக்கின்றனர். எந்த வண்டி வருகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா, பேருந்தா ஜீப்பா என்பதை ஒலியைக் கொண்டே அறிவர். இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

இங்குள்ள நம் மக்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசு 1968இல் இப்பகுதிகளில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தவணை முறையில் மோட்டார் சைக்கிள் வாங்குகின்றனர். அதைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. லயத்திலிருந்து பேருந்து நிற்கும் இடத்திற்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தவர்களுக்கு, பிரசவ வேதனையில் துடிப்பவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றவர்களுக்கு, மகனுடைய வண்டி ஆடம்பரம் ஆகாது. கிளைப்பங்குகள் ஆறு வைத்திருந்த நமக்கும் அது ஆடம்பரமாக இருந்ததில்லை. நோயில்பூசுதல் வழங்க இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தால் எந்தப் பேருந்து வரும்?

நம்மிடம் இருந்தது நம் தமையனார் வாங்கித் தந்த நூறு சி.சி. வண்டி. மறைமாவட்டக் குருக்கள் துறவற சபையினரைப்போல் ஏழ்மை வாக்குறுதி கொடுப்பவர்கள் அல்லர். தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே வண்டி நம் பெயரிலேயே பதிவாகியிருந்தது. அவ்வண்டி நமக்கு மறையுரைகளைவிட அதிகம் கற்றுத் தந்தது என்றால் மிகையாகாது. மழைக்காலத்தில் ஸ்பார்க் பிளக் மூடிக்குள் ஈரம் புகுந்து நடுவழியில் நின்றுவிடும்; மூடியைக் கழற்றி, அங்கியின் ஓரத்தால் துடைத்து, பத்து முறை உதைத்த பின் உயிர் பெறும். கார்புரேட்டரின் அடியில் தண்ணீர் தங்கும். சங்கிலி மாதம் இருமுறை துருவேறும். 2020 ஏப்ரலுக்குப் பின் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதியை ஒட்டி வந்துள்ள வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே இல்லை. எரிபொருளை மின்னணுக் கருவி அளந்து செலுத்துகிறது. சாலையோரத்தில் ஒரு திருகைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளும் காலம் போய்விட்டது என்று மெக்கானிக்குகள் வருந்துகின்றனர்.

நமக்கு வண்டி பழுது பார்த்தவர் சந்திப்பை அடுத்துத் தார்ப்பாய்க் கொட்டகை ஒன்றில் தொழில் செய்துவந்த இளைஞர். ஒரு நாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவர், “ஃபாதர், நீங்க இறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல வர்றீங்க, இல்லையா?” என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றோம். பிரேக் ஷூவைக் கழற்றிக் காட்டினார். சூட்டில் கருகிப் பளபளவென்று கண்ணாடி போல் ஆகியிருந்தது. கியரில் இறங்கினால் வண்டியின் வேகத்தை இன்ஜினே பிடித்து நிறுத்தும்; நியூட்ரலில் இறங்கினால் அத்தனை பாரமும் பிரேக்கின் மேல் விழும்; சூடேற ஏற அதன் பிடி குறைந்துகொண்டே போகும். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி இம்மலையில் பலர் செய்வதையே நாமும் செய்துவந்தோம். அன்று ஷூவை மாற்றினார். பின்னர் சைலன்சரைத் தட்டிக் காட்டி, “இதுவும் ஓட்டை விழுந்திருக்கு, மாத்திடலாம்” என்றார். “சத்தம்தானே, ஓடுகிறவரை ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அந்த ஓட்டைச் சைலன்சரின் ஒலி வெகு விரைவில் தோட்டமெங்கும் அறிமுகமாயிற்று. லயத்துப் பிள்ளைகள் அதைப் போலவே ஒலியெழுப்பி விளையாடினர். மூடுபனியிலும், “சாமி வண்டி வருது” என்று மக்கள் அறிந்துகொண்டனர். நமக்கு அதில் ஒரு சிறு பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொழுந்துப் பையைச் சுமந்துகொண்டு சாலையோரம் நடந்துவரும் பெண்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, நின்று, இரண்டு வார்த்தை பேசிச் செல்வது நம் வழக்கம்.

2015 மே மாதம் நமக்கு வேறு பங்கிற்கு மாற்றலாயிற்று. ஒரு வாரத்தில் புறப்பட வேண்டும். தோட்டத்து இளைஞர் ஒருவர் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வண்டியைக் கேட்டார். பணம் பெற்றோம், ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தோம், உரிமை மாற்றத்திற்கான 29, 30ஆம் எண் படிவங்களில், தேதியும் பெயரும் எழுதாமல், கையொப்பமிட்டுக் கொடுத்தோம். “அடுத்த மாசம் மாத்திக்கிறேன் ஃபாதர்” என்றார். மாற்றிவிட்டாயா என்று கேட்டு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ நாம் விடுக்கவில்லை. கேட்பது அவர்மீது நம்பிக்கையில்லாததைக் காட்டும் என்று அன்று எண்ணினோம். உண்மையில் அது நம்பிக்கையா, சோம்பலா என்று இன்று கேட்டால், இரண்டாவது என்றே சொல்லத் தோன்றுகிறது. சோம்பல் பல வேளைகளில் நல்லெண்ணத்தின் அங்கியை அணிந்துகொண்டு வருகிறது.

2019 தொடக்கத்தில், பழைய பங்கு இல்லத்தின் முகவரிக்கு வந்த உறை ஒன்றை அங்கிருந்த குருவானவர் நமக்கு அனுப்பிவைத்தார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அழைப்பாணை அது. முந்திய ஆண்டு ஜூலை மாதத்து மாலை ஒன்றில், நம் வண்டி அறுபது வயதைக் கடந்த தோட்டத் தொழிலாளி ஒருவர்மீது மோதி, அவர் தொடையெலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியவர் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார். நம்மிடம் வாங்கிய இளைஞர் ஓராண்டுக்குள் அதை வேறொருவருக்கு விற்றிருந்தார். அவரும் நாம் செய்தது போலவே அதே கையொப்பமிட்ட படிவங்களைக் கைமாற்றிவிட்டிருந்தார். வாங்கியவருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. இன்சூரன்ஸ் 2016இலேயே காலாவதியாகியிருந்தது. பதிவேட்டில் உரிமையாளர் என்று இருந்த ஒரே பெயர் நம் பெயர்.

இனி நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இவ்விபத்தில் நம் குற்றம் யாது? வண்டியை நாம் திருடவில்லை, ஏமாற்றி விற்கவில்லை. நியாயமான விலை பெற்றோம், பொருளை ஒப்படைத்தோம். குருமடத்தில் மாற்று நீதி என்று நமக்குக் கற்பித்தார்களே, கொடுத்ததும் பெற்றதும் சமமாவது, அதில் குறையில்லை. விபத்து நடந்தபோது நாம் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மாலைச் செபம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நாம் முதலில் நாடிய வழக்கறிஞர் நண்பர் இந்த வாதத்தையே நமக்கு மறுத்துக் கூறினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் எவர் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர். ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றால் பதினான்கு நாள்களுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டியது விற்றவருடைய கடமை. வேறு மாநிலத்தவருக்கு விற்றால் நாற்பத்தைந்து நாள்கள். நாமோ வாங்கியவர் பாடு என்றல்லவா எண்ணியிருந்தோம்! 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் இதைத் தெளிவாகவே தீர்த்துவைத்தது. அங்கேயும் கார் ஒன்று பெயர் மாற்றப்படாமலே அடுத்தடுத்துக் கைமாறியிருந்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு விற்பனையின் பின்னும் ஓடி, உண்மையான உரிமையாளரைத் தேடித் திரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பதிவேட்டில் இருப்பவரே பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம்.

முதலில் இது அநீதியாகவே நமக்குப் பட்டது. காகிதத்தில் இருப்பதை உண்மை என்றும், உண்மையில் நடந்ததை இல்லை என்றும் சொல்வது நீதியா? சில நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்த பின், இன்சூரன்ஸ் பத்திரத்தில் நாம் நூறு முறை பார்த்தும் நின்று படிக்காத ஒரு சொல் கண்ணில் பட்டது: மூன்றாம் நபர். ஒப்பந்தத்தில் முதலாமவர் வண்டிக்காரர்; இரண்டாமவர் காப்பீட்டு நிறுவனம். மூன்றாமவர் யார்? அவர் கையொப்பமிடவில்லை. அவருக்குப் பெயரில்லை. ஒப்பந்தம் எழுதும் நாளில் அவர் எங்கேயோ தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தப் பத்திரம் முழுவதும் அவருக்காகவே எழுதப்படுகிறது. வண்டி சொந்தமாக இருக்கலாம், சாலை சொந்தமல்ல, அங்கே எதிரே வருகிறவர் நமக்கு எந்த உறவும் இல்லாதவர். அவர் விழுந்துவிட்டால், தட்டுவதற்கு அவருக்கு ஒரு கதவு வேண்டும். பதிவேட்டிலுள்ள பெயர் அந்தக் கதவு. நாம் விற்பனையை இரண்டு பேருக்கு இடைப்பட்ட காரியமாகக் கருதினோம். மூன்றாம் நபர் ஒருவர் இருப்பதை நினைக்கவே இல்லை.

பழைய ஏற்பாடு இதை நினைத்திருக்கிறது. விடுதலைப் பயணம் 21ஆம் அதிகாரத்தில், முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் உண்டு. மாடு எவரையேனும் முட்டிக் கொன்றுவிட்டால், மாடு கொல்லப்பட வேண்டும், உரிமையாளர் குற்றமற்றவர். ஆனால் அது முட்டும் மாடு என்று முன்னரே தெரிந்து, எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காமல் விட்டவருக்கு அந்த விலக்கு இல்லை. மாட்டோடு அவரும் உயிரால் பதில் சொல்ல வேண்டும். இணைச் சட்டம் 22ஆம் அதிகாரமோ, புது வீடு கட்டுபவர் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது. எவராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். கவனியுங்கள்: யாரும் தள்ளிவிடவில்லை. சுவர் இல்லை, அவ்வளவுதான். நம் வண்டிக்கும் இன்சூரன்ஸ் என்னும் சுவர் இல்லாமல் போயிருந்தது; அது இருக்கிறதா என்று நாம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இங்கே இன்னொரு பழைய வாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் மக்கள் அதன் பெயர் தெரியாமலே அதைப் பேசுகின்றனர். ஹெல்மெட் போடாமல் பிடிபட்ட இளைஞர் ஒருவர் நம்மிடம், “ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிட்டேன் ஃபாதர், கணக்கு முடிஞ்சுது” என்றார். இரண்டு நாள் கூலிக்கும் மேலான தொகை அது. அவருடைய எரிச்சல் நமக்குப் புரிகிறது. அறநெறி இறையியலில் இதற்குத் தண்டனை மட்டுமுள்ள சட்டம் என்று பெயர். சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுவதில்லை; மீறினால் பாவமில்லை; பிடிபட்டால் தண்டனையை ஏற்றுக்கொண்டால் போதும் என்பது அக்கொள்கை. இதன் வேர் நல்ல இடத்தில்தான் இருந்தது. தொமினிக்கன் சபையார் 1236இல் தம் சபை விதிகளை மீறுவது பாவமாகாது, தண்டனைக்கு மட்டுமே உரியது என்று வகுத்தனர். உணவறையில் பேசிவிட்ட துறவி தம் ஆன்மா நரகத்திற்குப் போய்விட்டதென்று இரவெல்லாம் புலம்பாதிருக்கச் செய்த இரக்கம் அது. பின்னர் சுவாரெஸ் போன்ற அறிஞர்கள் அதை நாட்டுச் சட்டங்களுக்கும் விரித்தனர். சுங்கவரிக்கும் காட்டு விறகுக்கும் அது பயன்பட்டது. குருமடத்தில் இப்பாடம் நடந்த நாள் எங்களுக்கெல்லாம் மிகவும் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் சாலைக்கு வந்தபோது அதே இரக்கம் அனுமதிச் சீட்டாக மாறிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 30ஆம் பத்தி, தனிமனித அறத்தோடு நின்றுவிடுவோரைக் கண்டிக்கும்போது, உடல்நலம் காக்கும் விதிகளையும் வண்டிகளின் வேகத்தை வரையறுக்கும் விதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவற்றை அலட்சியம் செய்வோர் தம் உயிரையும் பிறர் உயிரையும் இடருக்குள்ளாக்குவதை உணர்வதில்லை என்கிறது. உலகத் திருச்சபையின் பொதுச்சங்கம் ஒன்று வேகக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசியது என்று சொன்னால் நம் பங்கு மக்கள் வியக்கின்றனர். 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடோ குடிபோதையாலோ மட்டுமீறிய வேக மோகத்தாலோ சாலையில் தமக்கும் பிறருக்கும் ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்று ஐந்தாம் கட்டளையின் கீழ், கொலை செய்யாதே என்பதன் கீழ், சொல்கிறது. போக்குவரத்து அபராதம் பாவசங்கீர்த்தனத்திற்குப் பதிலாகாது.

சட்டங்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை என்று நாம் கூறவில்லை. எண் பலகையின் எழுத்து அளவும் பிரேக்கும் ஒன்றல்ல. ஹெல்மெட்டைப் பற்றி இம்மலையில் எழும் ஓர் எதிர்ப்பு சமவெளியில் இருப்போர் கேட்டிராதது: “தலையை மூடிக்கிட்டா யானை வர்றது எப்படிச் சாமி கேக்கும்?” இதைக் கேட்டு நகைப்பவர் மாலை ஆறு மணிக்கு இச்சாலைகளில் வண்டி ஓட்டிப் பார்க்கட்டும். மூங்கில் ஒடியும் ஓசை கேட்டு உயிர் தப்பியவர்கள் நம் பங்கிலேயே உண்டு. மூடுபனியில் கண்ணாடி மறைப்பு வேர்த்து வழி மறைவதும் உண்மை. இந்த எதிர்ப்பில் பாதியை நாம் ஏற்கிறோம்; மறைப்பை உயர்த்திவிட்டு, நின்றால் நிற்கும் வேகத்தில் செல்வதே இங்கே முறை. மறுபாதியை ஏற்பதற்கில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் இல்லாமல் மடிந்தவர் 50,029. யானை இத்தனை பேரைக் கொல்லவில்லை.

கோவையில் எலும்பு முறிவு மருத்துவரான ராஜசேகரன், நாள்தோறும் அறுவை மேசைக்கு வரும் உடைந்த உடல்களைக் கண்டு, 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் பயனாகவே 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டி வாங்கும்போதே ஐந்தாண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை எடுத்தாக வேண்டும் என்ற விதி வந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நீதிமன்றம் அறிந்திருந்தது. ஆனால் பழைய வண்டிகளுக்கு இவ்விதி உதவாது. ஏழையின் கைக்கு வருவதோ பழைய வண்டிதான்.

நம் கதைக்குத் திரும்புவோம். அழைப்பாணை வந்த மறுவாரம் அந்த அம்மாவைப் பார்க்கச் சென்றோம். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். மாரியம்மன் கோவிலை அடுத்த லயத்தில் மகளோடு இருப்பவர். கட்டிலில் அமர்ந்தபடியே கும்பிட்டார். நாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் அவரே சொன்னார்: “மிஸ்ட்டுல ஒண்ணுமே தெரியல சாமி. சத்தம் கேட்டுச்சு. சாமி வண்டிதானேன்னு நின்னேன். நீங்க நிப்பாட்டுவீங்கல்ல.”

நாம் மாற்றலாகிப் போனது அவருக்குத் தெரியும். ஆனாலும் மூன்றாண்டு கழித்து அந்த ஒலியைக் கேட்டபோது அவர் கால்கள் நின்றுவிட்டன. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் ஒதுங்கியிருப்பார். பதிவேட்டில் மட்டுமல்ல, அவருடைய காதிலும் அந்த வண்டி நம் பெயரிலேயே இருந்தது. நானூறு ரூபாய்க்கு மாற்றியிருக்கக்கூடிய ஒரு சைலன்சர். சட்டப்படி நமக்கு எதிராக எழுதப்பட்ட மனுவில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எந்தத் தீர்ப்பாயமும் அதை விசாரிக்கப் போவதில்லை. குற்றம் எது என்று நாம் கேட்டோமே, அந்தக் கேள்வி அன்று லயத்து வாசலில் வேறாகிவிட்டது. சட்டம் நம்மைப் பிடித்தது காகிதத்திற்காக. நம் மனச்சான்று பிடித்ததோ சட்டம் அறியாத வேறொன்றிற்காக. ஓட்டையை அப்படியே விட்டோம். அந்த ஒலியோடு நம் நற்பெயரையும் சேர்த்து, அதைக் காக்கும் கடமை எதுவும் இல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டோம்.

அவரை அன்று மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர் கேரளப் பதிவெண் கொண்ட ஜீப்பில் வந்த ஒருவர். பெயர் சொல்லவில்லையாம். உதவியவரைப் போலீசாரும் மருத்துவமனையும் அலைக்கழிக்கக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்திருந்தது; 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதையே 134ஏ பிரிவாக்கியது. இப்போது நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இவற்றையெல்லாம் அந்த ஜீப் ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலையும் ஒரு மலைச்சாலைதான். அதில் வந்த சமாரியர் அடிபட்டவரைத் தம் சொந்த விலங்கின்மேல் ஏற்றினார் என்று லூக்கா எழுதுகிறார். அப்படியானால் அவர் எஞ்சிய வழியை நடந்தே சென்றிருப்பார் என்பதை நாம் பல மறையுரைகளில் சொல்லத் தவறியிருக்கிறோம். சாவடிக்காரரிடம், செலவு கூடினால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிப் போனார். தம் பெயரைப் பொறுப்பேற்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போனவர் அவர்.

வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது: ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஓட்டியவர் ஊரைவிட்டே போய்விட்டார். நம்மிடம் வாங்கிய இளைஞர் அழுதுகொண்டு வந்து, “என்னாலதான் ஃபாதர்” என்று இருபதாயிரத்தைக் கொடுத்தார். அவர்மீது வழக்குத் தொடுத்து மீதியையும் பெறலாம் என்று நண்பர்கள் கூறினர். பெறும் உரிமை இருக்கலாம். ஆனால் அவர் செய்ததும் நாம் செய்ததும் ஒன்றே; அவருக்கு அதைக் கற்பித்ததும் நாமே. வயதிலும் படிப்பிலும் மூத்தவர் ஒருவர் தேதியில்லாத படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அதுதான் முறை என்றல்லவா அவர் எண்ணியிருப்பார்? மீதித் தொகையைத் தமையனாரிடம் கடன் பெற்றுச் செலுத்தி, பதினெட்டு மாதங்களில் அடைத்தோம். பங்குப்பேரவையார் ஞாயிறு காணிக்கை ஒன்றை ஒதுக்க முன்வந்தனர். மறுத்துவிட்டோம். அந்த மறுப்பு நேர்மையா, செருக்கா என்பதில் நமக்கு இன்னும் ஐயம் உண்டு.

இதையெல்லாம் எழுதக் காரணம், பதினெட்டு நிறையாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் இருப்பதே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அச்சிறுவன் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ்க் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டுச் சிறையும் இருபத்தையாயிரம் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். பையன் இருபத்தைந்து வயதுவரை உரிமம் பெற முடியாது. இந்தத் தண்டனைகளைச் சொன்னபோது கோவிலுக்குப் பின்னர் ஒரு தந்தை, “சும்மா கடை வரைக்கும்தான் சாமி ஓட்டுறான்” என்றார். நம் வண்டியும் அன்று கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டோம்.

அந்த அம்மா இப்போது கோலூன்றி நடக்கிறார். வேலைக்குப் போவதில்லை. சென்ற மாதம் அவ்வழியே சென்றபோது, நம்முடைய இப்போதைய வண்டி சத்தமில்லாததால், அருகில் நின்ற பிறகே அடையாளம் கண்டுகொண்டார். பழைய வண்டி காவல் நிலைய வளாகத்தில் கொடி படர்ந்து கிடக்கிறது. இனி ஓடப் போவதில்லை என்று அறிவித்து, அதன் பதிவை நீக்கும்படி உரிமையாளர்தான் மனுச் செய்ய வேண்டும். ஆர்.சி. புத்தகம் ஓட்டியவரோடு போய்விட்டது. ஆகவே முதலில் அது காணாமற்போனதற்குக் காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும், அதன்பின் படிவம், கட்டணம், கையொப்பம். இம்முறை தேதியை எழுதிவிட்டுத்தான் கையொப்பமிட்டிருக்கிறோம். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.